ஹீட்டர் காயிலில் விட்ட ராக்கெட்

தீபாவளிக்குப் பாட்டிலில் சொருகி விடுவார்களே, அந்த ராக்கெட் இல்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சொன்ன பிறகும் சிரிக்கிறார்கள், அது வேறு.

நாங்கள் விட்டது அட்டையில் செய்த ராக்கெட். முழங்கை நீளம் இருக்கும். கீழே மூன்று இறக்கை, மேலே மரத்தில் கடைந்த மூக்கு, உள்ளே மடித்து வைத்த பாலிதீன் குடை. அடியில் மருந்து கெட்டித்த ஒரு சின்னக் குழாய். அந்தக் குழாய் எரிந்தால் ராக்கெட் மேலே போகும். எரிந்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன வெடிப்பு மூக்கைத் தள்ளிவிடும், குடை விரியும், ஆடிக்கொண்டே கீழே வரும். அவ்வளவுதான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் கிடையாது. மூன்று தடிமாடுகள், அதில் இரண்டு பேருக்கு நரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மணலில் மண்டி போட்டு அட்டைக் குழலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வயர்மேனாக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அதை மூடினார்கள். மூடும்போது என்னென்னவோ சொன்னார்கள், எதையும் செய்யவில்லை. அதற்குப் பிறகு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்டில் லைட் மாட்டுகிற வேலை. வாரம் முழுக்க டிரெய்லர் புகை, சூப்பர்வைசர் வாய், வீட்டுக்கு வந்தால் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை. ஞாயிறு காலை மட்டும்தான் எவனும் என்னை எதற்கும் கூப்பிடாத நேரம். ராக்கெட் விடுகிற அந்தக் கடற்கரை மணல் போனால் எனக்கு அதுவும் போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த மணலை விடாமல் பிடித்துக்கொள்ள நாங்கள் பட்ட பாடுதான் இது.

மற்ற இரண்டு பேரில் ஒருவன் தண்டையார்பேட்டையில் லாரி எலக்ட்ரிக் ஒர்க்ஷாப்பில் இருந்தான். பாட்டரி, டைனமோ, ஹெட்லைட் எல்லாம் அவன் கைதான். லாரிக்காரன் என்றே எழுதுகிறேன். இன்னொருவன் மீன்பாடி வண்டி ஓட்டுபவன். பழைய ஸ்கூட்டர் எஞ்சினைக் கட்டிய மூன்று சக்கர வண்டி, முன்னால் இரும்புச் சட்டத்தில் பலகை. மீன் ஏற்றுவான், ஐஸ் ஏற்றுவான், சில சமயம் பீரோ ஏற்றுவான். ஞாயிறு காலை எங்கள் ராக்கெட்டை ஏற்றுவான்.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு கப்பல்காரர். வெளிநாட்டில் பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்று ஒரு பெட்டி நிறைய மருந்துக் குழாய் கொண்டுவந்தார். கூடவே ஒரு கவரில் குச்சிகள். இரண்டு மெல்லிய கம்பி, நுனியில் தீக்குச்சித் தலை மாதிரி ஒரு பொட்டு. குழாயின் வாய்க்குள் அதைச் சொருகி, கம்பியைப் பாட்டரியில் தொட்டால் பொட்டு எரியும், மருந்து பிடிக்கும். ஒரு வருஷம் அவரோடு விட்டோம். பிறகு அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பெட்டியை எங்களிடம் விட்டுப் போனார். குழாய்கள் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன. குச்சிகளை எவனும் டின்னில் போடவில்லை. எங்கள் பக்கத்துக் கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், குச்சியை விடுமா? எடுத்துப் பார்த்தால் கம்பி பச்சையாகிக் கிடந்தது. விரல் பட்டதும் பொட்டு மாவாக உதிர்ந்தது.

குழாய் இருக்கிறது, பற்றவைக்க வழியில்லை. கடையில் கேட்கலாம் என்றால் என்ன கடையில் போய்க் கேட்பது?

மீன்பாடிக்காரன்தான் கப்பல் கழிவுச் சாமான் விற்கிற கடையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கி வந்தான். இந்த விளையாட்டைப் பற்றியதுதான். கொட்டை எழுத்தும் படமுமாக இருந்ததால் எங்களுக்கும் புரிந்தது. இந்த மாதிரிக் குச்சிகள் கடைக்கு வருவதற்கு முன்னால் முதலில் திரி வைத்திருக்கிறார்கள். அதில் கை கால் போன பிறகு, கார் பாட்டரியில் சூடேறும் கம்பியை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் விட்டுவிட்ட பழைய முறைகள். எங்களுக்கு அதுதான் கதி.

திரி சுலபம் என்று திரியில் ஆரம்பித்தோம். அது தப்பு என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் செய்தோம்.

திருவொற்றியூர் தாண்டி ஒரு குப்பத்துக்குப் பின்னால் அந்த மணல். வேறு இடம் கிடையாது. கார்ப்பரேஷன் மைதானத்தில் நிற்க இடமில்லாமல் கிரிக்கெட். எம்.கே.பி. நகரில் ஒரு காலி இடத்தில் விடப் போய், போலீஸ் வந்து எங்கள் பேரை எழுதிக்கொண்டது. எண்ணூர் பக்கம் போனால் எண்ணெய் டாங்குகள், அங்கே பீடி பற்ற வைத்தாலே அடிப்பான். இந்தக் குப்பத்து மணலில்தான் காலையில் ஆள் இல்லை. ஒரே ஒரு அக்கா மட்டும் கருவாடு காயவைப்பாள். பாய் பாயாக நெத்திலி விரித்திருக்கும், ஓரத்தில் அவளுடைய ஓலைக் கொட்டகை. குப்பத்துக்காரர்களிடம் கேட்டபோது, "அக்காவாண்ட கேளு. அது சரின்னா எங்களுக்கும் சரி" என்று முடித்துவிட்டார்கள்.

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சோறு துன்னுட்டு செரிக்கலியா நைனா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

திரி வைத்த அன்று லாரிக்காரன் ஊதுவத்தியால் பற்ற வைத்துவிட்டு ஓடி வந்தான். திரி புகைந்தது. அப்புறம் புகை நின்றுபோனது. காத்திருந்தோம். அணைந்துவிட்டது என்று அவன், இல்லை என்று நான். எங்கள் சண்டைக்கு நடுவில் அக்கா கருவாட்டைப் புரட்டிப்போட அந்தப் பக்கமாக நடந்து வந்தாள். "அக்கா, போகாதே, நில்லு!" என்று மூன்று பேரும் கத்தினோம். கத்தினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? நின்று திரும்பிப் பார்ப்பார்கள். ராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே நின்று எங்களைப் பார்த்தாள். திரி அப்போது போய்ச் சேர்ந்தது. ராக்கெட் மேலே போகாமல் சாய்ந்து, மணலை உரசிக்கொண்டு அவள் காலுக்குப் பக்கமாகப் போய் நெத்திலிப் பாயில் விழுந்தது. பாய் புகைந்தது. அவள் மேல் படவில்லை. ஒரு கை அளவு தள்ளிப் போயிருந்தால் கொட்டகை ஓலை பற்றியிருக்கும்.

அக்கா துடைப்பத்தோடு வந்தாள்.

"எவன்டா அவன், எங்கருவாட்டுக்குக் கொள்ளி வெச்சவன்?"

"அக்கா, தெரியாம..."

"தள்ளி நின்னுகினு கூவத் தெரிதே, அத்த நிறுத்தத் தெரியல?"

"வெச்சிட்டா நிறுத்த முடியாதுக்கா" என்றேன்.

"நிறுத்த முடியாத நெருப்ப எதுக்குடா வெக்குற, பேமானி?"

 

துடைப்பம் இறங்கவில்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவளே ஒரு வழி சொன்னாள். "திரிய இந்த மணல்ல இனிமே நான் பாக்கக் கூடாது. நான் கைய காட்டுனா நிக்கற மாதிரி எதுனா இருந்தா கொண்டா. நீ அமுக்குனாதான் அது போவணும். அதுவா போவக் கூடாது. இல்லாங்காட்டி இந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்காத."

மீன்பாடிக்காரன் வண்டியில் திரும்பும்போது சொன்னான்: "மாமு, அந்தம்மா பொஸ்தகம் படிக்காமயே பொஸ்தகத்துல கீறத சொல்லிடுச்சி." லாரிக்காரன் அவனை வாயை மூடச் சொன்னான்.

அதன் பிறகு இரண்டாவது பழைய முறை. என் வீட்டில் ஒரு ஹீட்டர் காயில் அடுப்பு இருந்தது. பாதி எரியும், பாதி எரியாது. அதன் காயிலை எடுத்தேன். "இருந்த ஒரு அடுப்பையும் புடுங்கிட்டியா? இனிமே ராக்கெட்லயே கொழம்பு வெச்சிக்கோ" என்றாள் என் மனைவி. ரெண்டு நாள் பேசவில்லை.

புத்தகத்தில் போட்டதைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கம்பியைச் சுற்று, உள்ளே வை, பாட்டரியைக் கொடு, சிவக்கும், பிடிக்கும். ஒர்க்ஷாப் மேஜையில் ஜோராகச் சிவந்தது. மணலுக்குப் போனால் சிவக்கவில்லை. கடல் காற்று அந்த மெல்லிய கம்பியை ஊதி ஊதி ஆற்றிவிட்டது. சின்ன பாட்டரி போதாது என்று லாரி பாட்டரி கொண்டுவந்தோம். இப்போது சிவந்தது, சிவந்த வேகத்தில் அறுந்தது. தடித்த கம்பி வைத்தால் சூடே ஏறவில்லை. கம்பி மருந்தைத் தொடாமல் ஒரு மயிரிழை விலகி நின்றாலும் வேலைக்கு ஆகாது. எல்லாம் சரியாக இருக்கிற அன்று காற்று கம்பியை வெளியே இழுத்துப் போட்டுவிடும். காகிதத்தை உருட்டி அடைத்துப் பார்த்தோம்.

எத்தனை ஞாயிறு என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் வந்து போனது. ஒவ்வொரு ஞாயிறும் விடிவதற்குள் எழுந்து, அந்தக் கனத்த பாட்டரியை மீன்பாடியில் ஏற்றி, மணலில் தள்ள முடியாமல் தள்ளி, வெயில் ஏறிக் காற்று வலுக்கும் வரை மண்டி போட்டு, ஒன்றும் நடக்காமல் திரும்புவோம். முட்டியில் மணல் ஒட்டியபடி மதியம் படுத்தால் சாயங்காலம் யார்டுக்குப் போக எழுந்திருக்கத் தோன்றாது. எதற்கு இது என்று எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன்.

அக்கா கொட்டகை நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

"இன்னா நைனா, பஸ்ஸு இன்னிக்கும் வரலியா?"

"வரும்க்கா."

"வந்தா சொல்லு, நானும் ஏறிக்கறேன். பாரீஸ் கார்னர்ல எறக்கி வுடு."

ஆனால் திரி பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். லாரிக்காரன் பையில் திரி இருந்தது என்று எனக்குத் தெரியும். வெளியே எடுக்கவில்லை.

இங்கே என் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் கிரேன் மேல் ஆள் ஏறினால் கீழே இருக்கிற வயர்மேன் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, எவனாவது வந்து தெரியாமல் போட்டுவிடுவான். கட்டை பையில் இருந்தால் எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. மேலே இருப்பவன் இறங்கி வந்து என் தோளைத் தட்டிய பிறகுதான் கட்டை திரும்பப் போகும். என் சட்டைகள் எல்லாமே அந்தப் பீங்கான் கட்டையின் கனத்தில் பை தொங்கிப் போனவை.

ராக்கெட்டுக்கும் அதையே வைத்தேன். தள்ளி நின்று அமுக்குகிற பெட்டியில் ஒரு பொத்தான், பக்கத்தில் ஒரு ப்யூஸ் கட்டை. எவன் ராக்கெட் கிட்டே போகிறானோ அவன் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். அக்காவிடம் காட்டினேன். "இது என் பையில கீற வரைக்கும் அது போவாது."

"நெஜமா?"

"சத்தியமா."

பெட்டியை நான் செய்தேன். பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்தது லாரிக்காரன். அது அவன் வேலை, இருபது வருஷமாகச் செய்கிற வேலை. நான் அதில் தலையிடவில்லை.

அன்றைக்குக் காற்று காலையிலேயே கொஞ்சம் இருந்தது. ராக்கெட் நிற்கிற இரும்புக் கம்பி மணலில் ஆடியது. மீன்பாடிக்காரன் வண்டியைக் காற்றுக்கு மறைப்பாகப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கம்பியை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினான். பாட்டரி வண்டிப் பலகையில்தான் இருந்தது. நான் பெட்டியிலிருந்து கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ராக்கெட் கிட்டே போனேன். காயிலின் ஒரு காலை இரும்புக் கம்பியில் மாட்டினேன். இன்னொரு காலில் ஒயரின் கிளிப்பை வைத்தேன்.

வைத்ததும் போனது.

சத்தம் காதுக்குள் அடித்தது. வலது கை விரல்களில் சுரீரென்றது. புருவம் கருகுகிற வாசனை மூக்கில் ஏறியது. மணலில் பின்னால் விழுந்தேன். விழுந்தபடி மேலே பார்த்தேன். நேராகப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நாளில் அப்படி ஒரு நேர் பார்த்ததில்லை. வெள்ளைப் புகை ஒரு கோடு. மேலே ஒரு பொட்டுச் சத்தம், குடை விரிந்தது, மெதுவாகக் குப்பத்துப் பக்கம் ஆடி ஆடி இறங்கியது.

மீன்பாடிக்காரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினான். லாரிக்காரன் கைகளைத் தூக்கிக்கொண்டு கத்தினான். கொட்டகையிலிருந்து அக்கா எழுந்து வந்து கைதட்டினாள். "வுட்டுட்டான்டா! நைனா பஸ்ஸ வுட்டுட்டான்டா!"

நான் சட்டைப் பையில் கையை விட்டேன். ப்யூஸ் கட்டை இருந்தது.

ஒருத்தனும் பொத்தானைத் தொடவில்லை. பெட்டி அந்தப் பக்கம் மணலில் கிடந்தது.

எழுந்துபோய் வண்டியைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. லாரியில் பாட்டரியிலிருந்து ஒரே ஒயர்தான் போகும். கரண்ட் திரும்பி வருவதற்கு லாரியின் இரும்பே போதும். அதற்குப் பாடி எர்த் என்று பெயர். லாரியில் ஆஃப் செய்கிற சுவிட்சையும் அந்தத் திரும்பி வருகிற பக்கத்தில்தான் வைப்பார்கள். இவனும் என் பெட்டியைத் திரும்பி வருகிற பக்கத்தில் மாட்டியிருந்தான். சரி, அதோடு விட்டிருந்தாலும் பெட்டி வேலை செய்திருக்கும். லாரியிலிருந்து கழற்றிய பாட்டரியில் எர்த் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை தொங்கினால் அவன் கை சும்மா இருக்காது. அதை எடுத்து மீன்பாடிச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முறுக்கிவிட்டான். ராக்கெட் கம்பியும் அதே சட்டத்தில் கட்டியிருந்தது. கரண்ட் என் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டி வழியாகவே வீட்டுக்குப் போய்விட்டது. என் பையில் இருந்தது வெறும் பீங்கான்.

லாரிக்காரனைக் கூப்பிட்டு போல்ட்டைக் காட்டினேன். முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. உடனே சமாளித்தான்.

"வுடு மாமு. மேலதான போச்சி?"

"நான் மூஞ்சிய மேல வெச்சிருந்தா?"

"வெக்கலியே. எத்தினி மாசம் நாயா பேயா அலைஞ்சோம், இன்னிக்குத்தான் போயிருக்கு. அடுத்த வாரம் பட்டைய அவுத்துடறேன், முடிஞ்சிச்சி. அக்காவாண்ட எதுனா ஒளறாத."

"அவளாண்ட நான் சத்தியம் பண்ணிருக்கேன்."

"நீ இன்னா அரிச்சந்திரனா? சொன்னா மணலு போயிடும்டா."

அது எனக்குத் தெரியாதா? அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால் வேறு நாலு இடம் உண்டு. சீட்டாட்டம் உண்டு, மச்சான் வீடு உண்டு. எனக்குத்தான் ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருந்தால் அடுத்த ஞாயிறும் இங்கே வரலாம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவள் எங்கள் பக்கமாகக் கருவாடு புரட்ட நடப்பாள். பயமில்லாமல் நடப்பாள், நான் கொடுத்த வாக்கை நம்பி. எனக்கு அவன் மேல் வந்த கோபம் விரல் எரிச்சலோடு சேர்ந்து மண்டைக்கு ஏறியது. நேராகப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, அத்த நான் வுடல. அதுவா போச்சி."

அவள் கைதட்டிய கை அப்படியே நின்றது. "இன்னா சொல்ற?"

கட்டையை எடுத்துக் காட்டினேன். "இது என் பையிலதான் இருந்துச்சி. அப்பவும் போச்சி."

அவள் கட்டையைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள், பாயில் காய்கிற நெத்திலியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கொட்டகைக்குள் போய் ஒரு குடத்துத் தண்ணீரை என் கையில் ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டு, "எடுத்துக்கினு போங்க. வராதீங்க" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

 தண்டையார்பேட்டையில் இறங்கும்போது லாரிக்காரன், "ஒன் வாயாலதான்டா ஒன் கம்பெனியும் மூடுனான்" என்றான். அதற்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

அதன் பிறகு சில ஞாயிறுகள் வீட்டில் கிடந்தேன். ஒன்றும் செய்யவில்லை. கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. மனைவி, "ராக்கெட் இல்லாம வூடு நல்லாத்தான் கீது" என்றாள், பிறகு நான் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்து, "போயேன், எங்கனா போயேன்" என்றாள்.

ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி இழுத்தேன். போகிற ஒயர் தனி, வருகிற ஒயர் தனி. கட்டையும் பொத்தானும் போகிற பக்கத்தில். காயிலின் எந்தக் காலும் எந்த இரும்பையும் தொடக் கூடாது. பாட்டரி மரப்பெட்டிக்குள். இப்படித்தான் முதலிலேயே நான் செய்திருப்பேன், அந்த மடையன் கையில் விட்டிருக்காவிட்டால். முடிக்கும் நேரத்தில் அந்த மடையனே வாசலில் வந்து நின்றான். தோளில் ஒரு சுருள் வெல்டிங் கேபிள்.

"ஒன் ஒயரு சைசு பத்தாது. இத்தப் போடு" என்றான். உள்ளே வரவில்லை. கேபிளை வைத்துவிட்டு நின்றான். நான் டீ வாங்கிவரச் சொல்லிப் பிள்ளையை அனுப்பினேன். அதோடு சரி. மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் எங்களுக்குள் கிடையாது.

ராக்கெட் இல்லாமல், பெட்டியும் பாட்டரியும் காயிலும் மட்டும் எடுத்துக்கொண்டு நான் அக்காவிடம் போனேன். அவள் முன்னால் மணலில் வைத்தேன். கட்டை இருக்கும்போது அமுக்கினால் காயில் சிவந்தது. கட்டையைப் பிடுங்கினால் பொத்தானை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாலும் சிவக்கவில்லை. அவளையே அமுக்கச் சொன்னேன். அவள் ஒயரை மிதித்துப் பார்த்தாள், இரும்பு நங்கூரத்தைக் கொண்டுவந்து நடுவில் போட்டுப் பார்த்தாள், கடல் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். சந்தேகம் தீரவில்லை.

"அன்னிக்கும் இப்டித்தான் சொன்ன."

"ஆமா."

"இந்தக் கட்ட ஒன் பையில இருந்தா நீ சொல்றத நான் நம்பணும். எம் மடியில இருந்தா?"

"அப்ப நம்ப வேண்டியது இல்ல."

"கொண்டா" என்றாள். வாங்கி இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையில் போட்டு இழுத்து முடிந்தாள். "ஞாயித்திக்கெயம வா. நான் குடுத்தாதான் வுடணும். கருவாடு பொரட்டிட்டு வந்து குடுக்கறேன்."

அந்த ஞாயிறு காற்றே இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அப்படி ஒரு காலை வருஷத்தில் எப்போதாவது வரும். ராக்கெட்டைக் கம்பியில் நிறுத்தினோம், காயிலைச் சொருகினோம். காயில் வைப்பதில் எல்லாம் எங்களுக்குக் கை பழகிவிட்டிருந்தது. எல்லாம் தயார். அக்காவைக் காணோம்.

கொட்டகையில் பாய் சுருட்டிக் கிடந்தது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த கிழவரிடம் கேட்டோம். "காசிமேட்டுல ஒரு போட்டுல நெத்திலி வந்து கொட்டிக்கீது, சல்லிசா குடுக்கறானாம். கூடைய தூக்கிகினு வெள்ளனவே ஓடிடுச்சே" என்றார்.

"கட்டை?" என்றான் மீன்பாடிக்காரன்.

கட்டை அவள் இடுப்பில் காசிமேட்டுக்குப் போயிருந்தது.

உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. மீன்பாடிக்காரன் கூட்டி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தனியாகத் திரும்பினான். லாரிக்காரன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பையிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்தான்.

"மாமு, காத்து இல்லாத நாளு. கட்ட இருக்கற எடத்துல இந்த ஒயர ஒரு முறுக்கு முறுக்குனா வேல முடிஞ்சிச்சி. ஊரு பூரா அப்டித்தான பண்றான்."

ஊர் பூரா அப்படித்தான் செய்கிறது. ப்யூஸ் போனால் கம்பியை முறுக்கி விடாத வீடு வடசென்னையில் கிடையாது. என் வீட்டிலேயே முறுக்கியிருக்கிறது.

"மணல்ல ஆளே இல்ல. அந்தம்மாவே இல்ல. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் மீன்பாடிக்காரனும்.

"வெய்" என்றேன். "ஒயர கீய வெய்."

"கெயவன் மாதிரி பேஜாரு பண்ணாத..."

"வெய்டா கீய."

லாரிக்காரன் ஒயரைத் தூக்கிக் கடல் பக்கம் எறிந்தான். பிறகு நடந்துபோய் அவனே பொறுக்கிக்கொண்டு வந்தான். செம்புக் கம்பி, விலை அதிகம்.

மறுபடி உட்கார்ந்தோம்.  எனக்குக் கோபம்கூட வரவில்லை, வருவதற்குத் தெம்பில்லை. ராக்கெட் கம்பியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அதன் இறக்கை லேசாக நடுங்கியது. கடல் காற்று ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு விட முடியாது, விட்டால் எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் மேல்தான் போய் விழும். காயிலை உருவினேன். கேபிளைச் சுருட்டினோம். பாட்டரியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம். வண்டி மணலில் புதைந்தது, தள்ளினோம்.

திருவொற்றியூர் பக்கம் வரும்போது எதிரில் அக்கா. தலையில் கூடை, கழுத்தெல்லாம் மீன் தண்ணீர் வழிகிறது. எங்களைப் பார்த்ததும் அப்படியே நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. கை இடுப்புக்குப் போனது.

"ஐயய்யோ நைனா! இங்க கீதே!" சுருக்குப் பையிலிருந்து கட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். அதில் மீன் செதில் ஒட்டியிருந்தது. "வுடலியா நீங்க? இவ்ளோ நேரம் சொம்மாவா குந்திகினு இருந்தீங்க?"

"ஆமாக்கா."

"ஒருத்தன் கூடவா வேற கட்ட போட்டு வுடல?"

லாரிக்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். டிரெய்லர்காரன் தலையை நீட்டிக் கத்தினான். அவள் திரும்பி அவன் பரம்பரையையே ஒரு வாங்கு வாங்கிவிட்டு, என்னிடம் கட்டையை நீட்டினாள்.

"இந்தா, புடி."

எனக்குக் கண் எரிந்தது, முதுகு வலித்தது, சாயங்காலம் யார்டுக்குப் போக வேண்டும்.

"நீயே வெச்சிக்கோக்கா" என்றேன். "அடுத்த வாரம் வரோம்."

கட்டையைத் திரும்பப் பையில் போட்டு முடிந்துகொண்டு அவள் ரோட்டைக் கடந்தாள். மீன்பாடிக்காரன் எஞ்சினை உதைத்தான். அது மூன்றாவது உதையில்தான் பிடித்தது.